நெற்பயிர் நோய் தாங்கச் சிலிக்கான்

(அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார உழவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கரிசல் காட்டில் நின்றுகொண்டு நெல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். பருத்தி, சோளம், குதிரைவாலி, மல்லி, உளுந்து என்று பேசுவதுதான் இங்கே வழக்கம். ஆனால் திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் கண்மாய்க்குக் கீழே கிடப்பதெல்லாம் நெல் வயல்தானே? ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறீர்கள். ஐப்பசி மழையில் முளைக்கிறது. கார்த்திகையில் கண்மாய் பெருகினால் தண்ணீர் கட்டுகிறீர்கள்; பெருகாவிட்டால் கையைப் பிசைகிறீர்கள். தையிலோ மாசியிலோ அறுவடை. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெறும் வட்டாரத்தில், அதில் ஏறத்தாழப் பாதியை மட்டும் தரும் வடகிழக்குப் பருவத்தை நம்பி எடுக்கும் பயிர் இது. இந்தப் பயிரில் நோய் வந்தால் இழப்பதற்கு மிச்சம் அதிகம் இல்லை.

இப்பேச்சுக்குக் காரணமாக இருந்தவர் ஒரு பெரியவர். ஒரு நாள் அவர் கையில் ஒரு புட்டியுடன் வந்தார். "தம்பி, இது சிலிக்கானாம். தெளித்தால் நெல்லுக்கு நோயே வராதாம். கடையில் சொன்னார்கள், வாங்கிவிட்டேன். தெளிக்கட்டுமா?" என்று கேட்டார். பேசிக்கொண்டிருக்கையில்தான் தெரிந்தது, அந்தப் புட்டி வாங்கிய பணம் அவர் வைக்கோல் விற்ற பணம் என்பது. அன்று நான் அவருக்குச் சொன்ன பதில் அரைகுறையானது. "வாங்கியதைத் தெளியுங்கள் அண்ணாச்சி, கெடுதல் ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்கள் அனைவருக்கும் சொல்கிறேன்.

சிலிக்கான் என்பது மணலில் உள்ள பொருள். நிலத்தின் மேலோட்டில் உயிர்வளிக்கு அடுத்தபடியாக மிகுதியாக இருக்கும் தனிமம் இதுவே. "மண் முழுக்க மணலாகக் கிடக்கும்போது அதை எதற்கு உரமாகப் போட வேண்டும்?" என்று நீங்கள் கேட்பது நியாயம். பத்தாயத்தில் நெல் நிறைந்திருந்தாலும் உலையில் அரிசி விழுந்தால்தான் சோறு. மணலில் உள்ள சிலிக்கான் எளிதில் நீரில் கரையாது. பயிர் எடுத்துக்கொள்வது சிலிசிக் அமிலமாகக் கரைந்து நிற்கும் சிறு பகுதியைத்தான். களிமண் தாதுக்களிலிருந்தும், மட்கும் வைக்கோல், சாணம், சருகு ஆகியவற்றிலிருந்தும்தான் அது பெரும்பாலும் கிடைக்கிறது. ஆகவே மணற்பாங்கான நிலம், மணலே ஆனாலும், நெல்லுக்குச் சிலிக்கான் வறுமை உள்ள நிலமாக இருக்கக்கூடும்.

நெல்லைப் போல் சிலிக்கானை உறிஞ்சும் பயிர் அரிது. இதற்கென்றே நெல்லின் வேரில் ஒரு வாயில் இருப்பதை ஜப்பானின் ஒக்காயாமா பல்கலைக்கழக அறிஞர் ஜியான் ஃபெங் மாவும் அவருடைய குழுவினரும் 2006-ஆம் ஆண்டு கண்டறிந்து வெளியிட்டார்கள். அந்த வாயில் பழுதுபட்ட நெல்லை வயலில் வளர்த்தபோது பூச்சியும் நோயும் மிகுந்து, விளைச்சல் வெகுவாகக் குறைந்தது. உள்ளே போன சிலிக்கான் நீரோடு இலைக்கு ஏறுகிறது. நீர் ஆவியாகப் போய்விட, சிலிக்கான் இலையின் மேல்தோலுக்கு அடியில் கண்ணாடித் துகள்போல் படிந்து நின்றுவிடுகிறது. இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நெல் அறுக்கும்போது தாள் கையைக் கிழிப்பதும், அரிவாள் சீக்கிரம் மழுங்குவதும் இதனால்தான்.

இந்தப் படிவு பயிருக்கு என்ன செய்கிறது? பூசணத்தின் வித்து இலைமேல் விழுந்து முளைத்தால், அதன் முளை தோலைத் துளைத்து உள்ளே போக வேண்டும். கெட்டியான தோல் அதற்குத் தடை. அது மட்டுமன்று. சிலிக்கான் போதுமான அளவு உள்ள பயிர், நோய் தொட்டவுடன் தன் தற்காப்புப் பொருள்களை விரைவாகச் சுரக்கிறது என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. தண்டும் விறைப்பாக நிற்பதால் பயிர் எளிதில் சாய்வதில்லை. குருத்துப்பூச்சியின் புழு தண்டைக் குடைவதும் கடினமாகிறது. இலைத்தோல் வழியே நீர் வீணாவது குறைவதால், மழை பத்து நாள் பின்வாங்கினாலும் பயிர் சற்றுத் தாக்குப்பிடிக்கிறது. நம் வட்டாரத்திற்கு, என்னைக் கேட்டால், இந்தக் கடைசிப் பயன்தான் பெரிது.

நோய்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று குலைநோய். 1919-ஆம் ஆண்டு தஞ்சை வளநாட்டையே கலங்கவைத்த நோய் இது. மற்றொன்று செம்புள்ளி நோய். இலையில் எள்ளளவில் தொடங்கிப் பழுப்பு நிறப் புள்ளிகளாகப் பெருகும். மணியிலும் விழுந்து நெல்லைக் கறுக்கவைக்கும். 1942-ஆம் ஆண்டு வங்காளத்தில் இது நெல்லைப் பெரிதும் தாக்கியது. மறு ஆண்டு வந்த பஞ்சத்தின் காரணங்களுள் இதையும் சேர்த்துச் சொல்லும் அறிஞர்கள் உண்டு. போர்க்கால விலையேற்றமும் ஆட்சியாளரின் செயல்களும் அதில் பெரும்பங்கு வகித்தன என்பது தனிக்கதை. செம்புள்ளியை வறியவன் வீட்டு நோய் என்றே நான் மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம். சத்து குறைந்த மண், காய்ந்த மண், சாம்பல் சத்தும் சிலிக்கானும் இல்லாத மண், இவற்றில்தான் அது குடியேறும். கண்மாய் பெருகாத ஆண்டில் உங்கள் வயலில் செம்புள்ளி மிகுதியாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. நீர் தேங்கி நிற்கும் மண்ணில்தான் சிலிக்கான் நன்கு கரைந்து வேருக்குக் கிடைக்கும். புழுதியாகக் கிடக்கும் மண்ணில் சிலிக்கான் இருந்தும் பயிருக்கு எட்டாது.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும். ஜப்பானில் 1955-ஆம் ஆண்டிலேயே சிலிகேட்டை உரமாக அரசு ஏற்றுக்கொண்டது. இரும்பு உருக்கும் ஆலைக் கசடிலிருந்து எடுத்த கால்சியம் சிலிகேட்டை ஏக்கருக்கு 600 முதல் 800 கிலோ வரை இட்டார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இதே கசடை இட்டபோது குலைநோயும் செம்புள்ளியும் குறைந்தன. நம் கர்நாடகத்தில் மலைப்பகுதி, கடலோரப்பகுதி நெல் வயல்களில் கரையும் சிலிசிக் அமிலத்தைத் தெளித்து விளைச்சல் கூடியதாக ஆய்வு முடிவுகள் உண்டு. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மண்கள் எப்படிப்பட்டவை? ஃபுளோரிடாவில் அது தழை மட்கி உண்டான கரிமண். அதில் தாதுவே மிகக் குறைவு. கர்நாடகத்து மலையோரமும் கடலோரமும் பெருமழை கொட்டிச் சிலிக்கானை அடித்துச் சென்ற மண்கள். ஆயிரக்கணக்கான மில்லிமீட்டர் மழை பெறும் அந்த ஊர்களுக்கும் நம் ஊருக்கும் என்ன ஒப்பீடு?

நம் கரிசல் கனத்த களிமண். கரையும் சிலிக்கானின் இருப்பு பொதுவாக இதில் மிகுதி. கரிசலில், அதுவும் கண்மாய்த் தண்ணீர் ஒழுங்காக வரும் வயலில், சிலிக்கான் உரத்திற்கென்று காசு செலவழிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. செவல் நிலமும், ஓடைக்கரை மணற்சாரி நிலமும், மடை மேட்டில் தண்ணீர் கடைசியாக எட்டும் வயல்களும் வேறு. ஆண்டுதோறும் வைக்கோல் முழுவதும் வெளியே போய், எருவும் திரும்பி வராத வயல்களையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இலை விறைக்காமல் தொங்குவது, செம்புள்ளி ஆண்டுதோறும் வருவது, பயிர் சாய்வது ஆகிய மூன்றும் ஒருங்கே கண்டால் சிலிக்கானைச் சந்தேகிக்கலாம். அறுவடைக் காலத்து வைக்கோலில் சிலிக்கான் நூற்றுக்கு 5 பங்குக்குக் குறைந்தால் பற்றாக்குறை என்பது ஆய்வாளர்கள் வைத்திருக்கும் கணக்கு.

வைக்கோல் கணக்கு

இப்போது அந்தப் பெரியவரின் புட்டிக்கு வருவோம். ஒரு டன் நெல் விளைய, பயிர் சராசரியாக 80 கிலோ சிலிக்கானை மண்ணிலிருந்து எடுக்கிறது. ஏக்கருக்கு 2 டன் நெல் என்று வைத்துக்கொண்டால் 160 கிலோ. தழைச்சத்தைக்கூட நெல் இவ்வளவு எடுப்பதில்லை! இந்த 160 கிலோவில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது சுமார் 128 கிலோ, வைக்கோலிலேயே தங்கிவிடுகிறது. மீதி பெரும்பாலும் உமியில் இருக்கிறது. அரிசியில் இருப்பது மிகச் சொற்பம். நாம் உண்பதற்காக மண் இழப்பது குறைவுதான்; விற்பதற்காகவே அது மிகுதியாக இழக்கிறது.

புட்டியின் மேல்தாளில் சிலிக்கான் நூற்றுக்கு 2 பங்கு என்று அச்சிட்டிருந்தால், ஒரு லிட்டரில் இருப்பது 20 கிராம். வண்டி ஏறிப் போனது 128 கிலோ, புட்டியில் வந்தது 20 கிராம். போதாததற்கு, அதே 2 டன் வைக்கோலோடு ஏக்கருக்கு ஏறத்தாழ 30 கிலோ சாம்பல் சத்தும் போய்விடுகிறது. செம்புள்ளிக்கு எதிராகப் பயிருக்கு வேண்டிய மற்றொரு சத்து அதுதான் என்று சற்றுமுன் சொன்னேன். நோயைத் தடுக்கும் இரண்டையும் விற்றுவிட்டு, நோய்க்கு மருந்து தேடுகிறோம்.

தெளிக்கும் சிலிக்கான் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. இலைமேல் படிந்து ஓரளவு காப்பாக நிற்கும். பயிரின் தற்காப்பைத் தூண்டவும் செய்யலாம். ஆனால் அது பயிருக்கு உணவாகாது. மண்ணில் இல்லாததைக் கைத்தெளிப்பானால் ஈடுகட்ட முடியாது. நோய் வந்தபின் தெளித்தால் அது நோயைப் போக்கும் மருந்தும் ஆகாது.

அப்படியானால் வைக்கோலை விற்காமல் வைத்து என்ன செய்வது? மாட்டுக்குப் போடுங்கள். வறண்ட சீமையில் வைக்கோலை வயலில் மடக்கி உழுங்கள் என்று சொல்லும் அளவுக்கு நான் ஊர் அறியாதவன் அல்லன். மாடு தின்ற வைக்கோலில் உள்ள சிலிக்கான் அதன் வயிற்றில் செரிப்பதில்லை. பெரும்பாலும் சாணத்தோடு வெளியே வந்துவிடும். ஆகவே உங்கள் வைக்கோலை உங்கள் மாடே தின்று, சாணமும் தொழுவக் கழிவும் மட்கி உங்கள் வயலுக்கே திரும்பினால், சிலிக்கான் ஒரு சுற்றுச் சுற்றி வீடு வந்து சேர்கிறது. எருவாக மட்கிய சாணத்தில் அதைப் பயிர் எளிதில் எடுக்கும். வரட்டி தட்டி எரித்தால்கூடச் சாம்பலில் சிலிக்கான் இருக்கும். அடுப்புச் சாம்பலைத் தெருக்குப்பையில் கொட்டாமல் எருக்குழியில் கொட்டுங்கள். இயந்திர அறுவடைக்குப் பின் வயலில் கிடக்கும் தாளுக்குத் தீ வைப்பவர்களுக்கும் ஒரு சொல்: சிலிக்கான் எரிந்து போகாது, உண்மைதான். ஆனால் தழைச்சத்து புகையாகப் போய்விடும். அதை எடுத்துக் குழியில் சாணக் கரைசலோடு மட்கவையுங்கள். மட்காத பச்சை வைக்கோலை விதைப்புக்குச் சற்று முன்பாக மண்ணில் கலந்தால், அது மட்கும்போது மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொண்டு இளம்பயிரை வெளுக்கவைக்கும். எனவே குழியில் மட்கிய பிறகே போட வேண்டும்.

மாடும் இல்லை, வைக்கோலை விற்றால்தான் கூலி கொடுக்க முடியும் என்ற நிலையிலும் பலர் இருக்கிறீர்கள். அவர்களுக்கு இரண்டு வழி சொல்லலாம்.

ஒன்று கண்மாய் வண்டல். கோடையில் வண்டல் அடிப்பது உங்கள் பாட்டன்மார் வழக்கம். செவலுக்கும் மணற்சாரிக்கும் வண்டல் போட்டால் அதிலுள்ள களிமண் நீரைப் பிடித்துவைக்கும் என்று அவர்கள் கண்டார்கள். அந்தக் களிமண்ணோடுதான் கரையும் சிலிக்கானும் வருகிறது. நீரைப் பிடித்துவைப்பதால் சிலிக்கான் கரைந்து நிற்பதும் கூடும். ஒரு செலவில் இரண்டு ஆதாயம். வண்டல் எடுக்க முன்அனுமதி தேவை. அதற்கான முறையை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறியலாம். கண்மாயில் உப்புப் பூத்த பகுதியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள்.

மற்றொன்று உமிச்சாம்பல். 2 டன் நெல்லில் சுமார் 400 கிலோ உமி. எரித்தால் 80 கிலோ சாம்பல். அதில் பெரும்பகுதி, நூற்றுக்கு 85 முதல் 95 பங்கு வரை, சிலிக்காவே. ஆலைகளில் இது குவிந்து கிடக்கும். ஆனால் எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. இதில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு முறை ஒரு சூளையிலிருந்து நெடுநேரம் வெந்த, வெளிறிய சாம்பலை அள்ளிவந்து நாற்றங்காலில் இடச் சொன்னேன். இட்ட பாத்திக்கும் இடாத பாத்திக்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. மண் கரிசலாக இருந்தது ஒரு காரணம். சாம்பல் மற்றொரு காரணம். 700 பாகை செல்சியசுக்கு மேல் வெந்தால் சிலிக்கா படிகமாகி இறுகிவிடும். பின்னர் எளிதில் கரையாது. மிதமான சூட்டில் எரிந்து கையில் நொறுங்கும் கருஞ்சாம்பல்தான் வேண்டும். நம் வீட்டுப் பாட்டிகள் பல் துலக்கிய உமிக்கரியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறம், அந்தப் பதம்.

மராட்டிய மாநிலத்துக் கொங்கணப் பகுதியில் நாராயண சாவந்த் என்ற மண்ணியல் அறிஞர் இதை உழவர்களிடம் நன்றாகப் பரப்பினார். 'சார்சூத்ரி' என்று அதற்குப் பெயர். நான்கு அம்ச நெல் சாகுபடி என்று பொருள். நெல்லின் கழிவை நெல்லுக்கே திருப்பித் தருவது அதில் முதல் அம்சம். நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு அரை முதல் ஒரு கிலோ உமிச்சாம்பலை மேல்மண்ணில் கலந்துவிட்டு விதைப்பார்கள். நாற்று திடமாக வந்தது. குருத்துப்பூச்சியால் குருத்துக் காய்வதும் குறைந்தது. கிணறு வைத்து நாற்று விட்டு நடுபவர்கள் இதை அப்படியே செய்யலாம். ஒரு சென்ட் நாற்றங்காலுக்கு 20 முதல் 40 கிலோ ஆகும். நாற்றங்கால் சிறிய இடம் என்பதால் சாம்பல் தேடும் அலைச்சலும் குறைவு. புழுதி விதைப்புக்காரர்கள் கிடைத்த சாம்பலை எருவோடு கலந்து கடைசி உழவில், அதுவும் செம்புள்ளி வழக்கமாக வரும் மேட்டுப் பகுதியில் மட்டும் இட்டால் போதும். சாம்பலைக் காற்றில் தூவாதீர்கள். நீர் தெளித்து ஈரமாக்கி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு இடுங்கள். சிலிக்காத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

மண்ணிலுள்ள சிலிகேட்டைக் கரைத்துத் தரும் பாக்டீரியாவும் உயிர் உரமாக வந்துள்ளது. அதற்கும் எருவும் ஈரமும் இருந்தால்தான் வேலை.

சில எச்சரிக்கைகள்

கால்சியம் சிலிகேட் கசடு கார உரம். களர் நிலத்திலும், உப்புக் கிணற்று நீர் பாயும் நிலத்திலும் மண்ணைச் சோதிக்காமல் அதை இட வேண்டாம். அங்கே மட்கிய எருவே நல்லது. உப்புள்ள நிலத்தில் சோடியம் நெல்லுக்குள் ஏறுவதைச் சிலிக்கான் குறைக்கும் என்பதால், எருக்குழி அங்கேதான் முதலில் வேண்டும். பொட்டாசியம் சிலிகேட் கரைசல் கடுங்காரம் உடையது. பூச்சிமருந்தோடும் இலைவழி உரத்தோடும் ஒரே தொட்டியில் கலந்து தெளிக்காதீர்கள், திரிந்துபோகும்.

யூரியாவைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. மழை பெய்த மகிழ்ச்சியில் ஒரே தடவையாக யூரியாவை அள்ளி வீசினால் இலை கொழுத்துத் தொங்கும். கொழுத்த இலையில் சிலிக்கானின் பங்கு குறையும். குலைநோய் அதைத்தான் தேடி வரும். நீங்கள் எத்தனை சாம்பல் இட்டாலும் ஒரு மூட்டை யூரியா அதை வீணாக்கிவிடும். மண் பரிசோதனைப்படி, ஈரம் பார்த்து, இரண்டு மூன்று தவணையாகப் பிரித்து இடுங்கள். விதையைக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைப்பதையும் கைவிட வேண்டாம். சிலிக்கான் இவற்றுக்கு மாற்று அன்று, துணைதான்.

வரும் பருவத்தில் நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே வயலில், ஒரே ரகத்தில், அருகருகே 5 சென்ட் வீதம் இரண்டு துண்டு பிரித்துக் கம்பு நடுங்கள். ஒன்றில் எருவும் சாம்பலும், மற்றொன்றில் வழக்கம்போல எரு மட்டும். யூரியா, பொட்டாஷ் இரண்டிலும் ஒரே அளவு இருக்கட்டும். இல்லையேல் எதனால் வேறுபாடு வந்தது என்று தெரியாது. கதிர் வெளிவரும் சமயத்தில் ஒவ்வொரு துண்டிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக 25 இலைகளைப் பார்த்துச் செம்புள்ளி உள்ளவற்றை எண்ணிக் குறித்துவையுங்கள். நல்ல துண்டை மட்டும் தேடிப் பார்க்கக் கூடாது. வீட்டில் உள்ள பள்ளிப் பிள்ளையை எண்ணச் சொல்வது இன்னும் நல்லது. அறுவடையில் இரண்டையும் தனித்தனியே அடித்து எடை போடுங்கள். கரிசலா, செவலா, கண்மாய்த் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பதையும் சேர்த்து ஒரு அஞ்சலட்டையில் அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையத்திற்கு எழுதுங்கள், அல்லது நேரில் வந்து சொல்லுங்கள். வேறுபாடு ஒன்றும் இல்லை என்றாலும் எழுதுங்கள். உங்கள் மண்ணுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பது அதிலிருந்துதான் தெரியவரும்.